போருக்குப் போய் வந்தவர்களுக்குச் சாமி நம்பிக்கை என்ன ஆகிறது?

கேட்டவர்: மஸ்கெலியாப் பக்கம்

எங்கள் வீட்டு விஷயம்தான், தேயிலைத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். 1983 கலவரத்துக்குப் பிறகு அம்மாச்சி வீட்டார் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள், அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் அவர் மட்டும் இங்கேயே. சின்ன மாமா அங்கே பிறந்தவர். 2008-ல் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஏழெட்டு மாதம் சண்டையில் இருந்தார், 2009 மே மாதம் சரணடைந்தார், அப்புறம் புனர்வாழ்வு முகாம். வெளியே விட்டதும் அம்மா போய்க் கூட்டி வந்தார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார், மரக்கறித் தோட்டம் செய்கிறார்.

சின்ன வயதில் அவருக்குப் பக்தி அதிகம் என்று அம்மாச்சி சொல்வார். வருடா வருடம் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனுக்குக் காவடி எடுப்பாராம். இப்போது கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால் எங்கள் லயத்தில் முதல் காசு அவருடையது. தேர் வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம், மதகுக் கட்டில், செருப்போடு நிற்பார். திருநீறு நீட்டினால் வாங்குவார், ஆனால் பூசமாட்டார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துணி துவைக்கும்போது பையெல்லாம் சாம்பல்.

அம்மா இதைச் சாமி குத்தம் என்கிறார். பூசாரியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்ட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சண்டை. போரில் இருந்து வந்த மற்றவர்களுக்கு எப்படி? நம்பிக்கை கூடுமா, போய்விடுமா? நாங்கள் என்ன செய்யலாம்?

தியத்தலாவை சலூன்

தம்பி, எங்களுடையது ஆமி ஊர். 1900-ல் வெள்ளைக்காரன் போயர் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து அடைத்த காலத்தில் இருந்து முகாம்தான். சலூன் வைத்து 22 வருடமாகிறது, சிங்களப் பொடியன்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. சண்டைக் காலத்தில் வடக்கே போகிறவனுக்கெல்லாம் கையில் பிக்குமார் ஓதிக் கட்டிய பிரித் நூல் இருக்கும், கழுத்தில் யந்திரம் இருக்கும். முடி வெட்டும்போது நூலில் கத்தரி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், நான் துண்டைச் சுற்றிவிடுவேன். திரும்பி வந்தவர்களில் ஒருவன் அந்த நூல் கறுத்து, இற்றுத் தானாக விழும்வரை வைத்திருந்தான். இன்னொருவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கையில் இருந்த கத்தரியை வாங்கி நூலை வெட்டி என் மேசையில் வைத்துவிட்டு ‘இனி முடியை வெட்டு’ என்றான். ரெண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றவர்கள்.

அந்த வெட்டினவன் இன்றைக்கும் என்னிடம்தான் வருவான். த்ரீவீல் ஓட்டுகிறான். சிங்களவரின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் துட்டகைமுனு ராஜா தமிழ் ராஜா எல்லாளனை ஜெயித்த பிறகு இத்தனை உயிர் போனதே என்று மனம் ஆறாமல் இருப்பார், எட்டு ரஹத்துமார் (ஞானம் பெற்ற பிக்குமார்) வந்து ‘நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மற்றவர்கள் புத்தரை நம்பாதவர்கள், மிருகத்துக்குச் சமம்’ என்று ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கதையை அவனே எனக்குச் சொன்னான், ஒரு தமிழனிடம் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னான். சின்ன வயதில் பன்சலையில் (புத்த விகாரையில்) கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லையாம், வன்னியில் இருந்து வந்த பிறகு அந்த இடம் வந்தால் எழுந்து போய்விடுவானாம். எண்ணம் நல்லதாக இருந்தால் பாவம் ஒட்டாது என்று ஒரு ஹாமுதுரு (பிக்கு) சொன்னார், உயிர்க்கொலை உயிர்க்கொலைதான் என்று இன்னொருவர் சொன்னார், ரெண்டும் தனக்கு உதவவில்லை என்றான்.

ஆனால் பருவம் தொடங்கினால் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறாமல் இருக்கமாட்டான். மேலே எத்தனையாவது தடவை வந்தோமோ அத்தனை தடவை மணி அடிப்பது வழக்கம் இல்லையா, அவன் அடிப்பதில்லை. சும்மா பார்த்துவிட்டு இறங்கி வருகிறான். உங்கள் மாமா மதகில் நிற்கிறார் என்று படித்ததும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது.

ஹட்டன் பொடியன்

சாவு பக்கத்தில் வந்தால் சாமி இல்லை என்கிறவனும் கும்பிடுவான், பதுங்குகுழிக்குள் நாத்திகன் கிடையாது என்று வெள்ளைக்காரனே சொல்லி வைத்திருக்கிறான். உங்கள் மாமாவும் உள்ளே கும்பிட்டுக்கொண்டுதான் இருப்பார், வெளியே பிடிவாதம். கயிறு கட்டுங்கள், சரியாகிவிடும்.

கிளிநொச்சி, பூர்வீகம் பூண்டுலோயா

ஹட்டன் தம்பிக்கு: நான் அந்தக் குழிக்குள் இருந்தவன். ஷெல் கூவிக்கொண்டு வரும்போது வாயில் ‘முருகா’ வரும், ‘அம்மா’ வரும், கெட்ட வார்த்தையும் வரும். அதை வைத்து ஒருத்தனுடைய நம்பிக்கையை அளக்க முடியாது.

எங்கள் அணியில் ஒரு அண்ணன், சாமி இல்லை என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவர். காயப்பட்ட பொடியன் ஒருவன் ‘ஏதாவது பாடுங்கண்ணா’ என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் படித்த தேவாரம் ஒன்றைத் தொடங்கினார், பாதியில் மறந்துபோனது, திரும்ப முதலில் இருந்து தொடங்கினார், அதே இடத்தில் மறந்தது, திரும்பவும் முதலில் இருந்து. பொடியன் போகும்வரை அப்படியே. அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்றால் இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது, கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதரை ‘உள்ளே கும்பிட்டிருப்பார்’ என்று சொல்லாதீர்கள், எனக்கு வலிக்கிறது.

எனக்கு நம்பிக்கை போகவில்லை, ஆனால் பழையபடி இல்லை. திரும்பி வந்ததும் முருகன்தான் காப்பாற்றினான் என்று அம்மா நேர்த்தியை நிறைவேற்றக் கூப்பிட்டார். தலையாட்டினேன், உள்ளே எரிந்தது. என்னைக் காப்பாற்றினான் என்றால் என் வலது பக்கம் கிடந்தவனை ஏன் விட்டான்? அவனுடைய அம்மாவும் கந்தசஷ்டி பிடித்தவர்தான். அன்றில் இருந்து எனக்கென்று எதுவும் கேட்பதில்லை. இயக்கத்தில் நாங்கள் இறந்தவர்களை எரிக்கவில்லை, புதைத்தோம், அதை விதைப்பது என்போம். இந்து, கிறிஸ்தவன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல். அவர்களைப் புதைத்திருந்த துயிலும் இல்லங்களை இடித்த பிறகு அந்தக் கல்லும் இல்லை. அவர்களுக்கு ஒரு திரி ஏற்ற எனக்குக் கிடைத்த இடம் கோயில், அதனால்தான் போகிறேன்.

ஊவாக்காரி

அரச ஆஸ்பத்திரி ஒன்றில் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் கேட்டதற்கு ஆய்வுகளும் ஒரே பதில் சொல்லவில்லை. 2019-ல் வந்த ஓர் ஆய்வு சியரா லியோன், உகண்டா, தஜிகிஸ்தான் மக்களிடம் எடுத்தது. போர் அதிகம் பட்டவர்கள் பல வருடம் கழித்தும் மதக் கூட்டங்களிலும் சடங்குகளிலும் கூடுதலாகச் சேர்கிறார்கள் என்று வந்தது. ஆனால் அதில் இருந்தது பெரும்பாலும் ஊர்ச் சனம். 2004-ல் அமெரிக்காவில், போர் அதிர்ச்சிக்குச் சிகிச்சை எடுத்த முன்னாள் சிப்பாய்களிடம் பார்த்தார்கள். ஆளைக் கொன்றது, ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போனது, இந்த ரெண்டும்தான் நம்பிக்கையைத் தளர்த்தியிருந்தன. அவர்களைத் தொடர்ந்து ஆஸ்பத்திரிக்கு வரவைத்ததில் நோயின் கடுமையை விட அந்தத் தளர்ச்சிக்கும் குற்ற உணர்வுக்கும்தான் பங்கு அதிகம்.

பயத்தில் வரும் கும்பிடு பயம் போனதும் போய்விடும். செய்ததும் செய்யாமல் விட்டதும் அப்படிப் போகாது. என்னிடம் வருகிறவர்கள் சாமி இல்லை என்று சொல்வது குறைவு. ‘சாமி முகத்தில் முழிக்க முடியாது’ என்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய்ச் ‘சாமி குத்தம்’ என்றால், அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தீர்ப்பை வீட்டாரும் எழுதிக் கொடுத்த மாதிரி. கயிறு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பூசாரி மேல் எனக்குக் கோபம் இல்லை, சாமி வந்து சொன்னதைக் கேட்டு அழுது லேசானவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் தாங்களாக விரும்பிப் போனவர்கள்.

இன்னொன்று, திருவிழா வெடி. எந்த நேரம் போடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், திடீரென்று கேட்பதுதான் ஆளை உலுக்கும். தூக்கம் இல்லை, குடி கூடுகிறது, உயிரோடு இருந்து என்ன என்கிற பேச்சு வருகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

மஸ்கெலியாப் பக்கம்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் மாமாவோடு லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். சாமி பேச்சை எடுக்கவில்லை. வற்றாப்பளையில் உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்களாமே, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் கட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், ‘கண்ணால பார்த்தேன்டா. எரிஞ்சிச்சு. பொறகு அதே நந்திக்கடல் பக்கத்துலதான் மத்ததையும் பார்த்தேன். ரெண்டையும் ஒண்ணா வச்சுக்க முடியல.’ 2009-ல் கடைசிச் சண்டை நடந்தது அந்த நந்திக்கடல் பக்கத்தில்தான். அவ்வளவுதான் சொன்னார், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஊவாக்காரி அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதில் பேசவில்லை, ஆனால் பூசாரியிடம் வாங்கி வைத்திருந்த கயிறு சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

திருவிழா அடுத்த மாதம். கமிட்டியில் கேட்டு வெடி போடும் நேரத்தை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தார், நாலாக மடித்துத் திருநீறு போட்டு வைக்கும் அதே பையில் வைத்துக்கொண்டார்.