கோல்ஃப் நாஸா பெட்டுல பிரெஸ் தானா விழுமா, வாயத் தொறந்து சொல்லணுமா?

நாலடிபுட்: "ரெண்டு ஹோல் டவுன் ஆனா பிரெஸ் தானா விழும், உலகம் பூரா அதான் ரூல்"னு ஊட்டிக்காத்து நேத்து எழுதிட்டுப் போயிருக்காரு, படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. (பிரெஸ்னா பின்தங்கினவன் மீதி ஹோலுக்குப் போடற புது பெட்டு. டவுன்னா பின்தங்கறது, அப்னா முன்னால இருக்கறது.) போன ஞாயித்துக்கெழம எனக்கு நடந்ததே இதான். 200 ரூபா நாஸா, அதாவது மூணு தனி பெட்டு: முன் 9 ஹோலுக்கு ஒண்ணு, பின் 9க்கு ஒண்ணு, மொத்தம் 18க்கு ஒண்ணு. 13 முடியறப்ப பின் 9ல நான் ரெண்டு அப். 14வது டீல, அதாவது அந்த ஹோல் ஆரம்பிக்கற எடத்துல, எதிராளி ஒரு வார்த்த பேசல, கிளவுஸ மாட்டினாரு, டிரைவர எடுத்து அடிச்சிட்டாரு. கடைசில பின் 9ஐ ஒரு ஹோல் வித்தியாசத்துல ஜெயிச்சது நான். 18வது கிரீன்ல கார்ட நீட்டி "14லேர்ந்து பிரெஸ், அதுல நான் ஒண்ணு அப், உன் 200க்கு என் 200 சரியாப்போச்சு"ங்கறாரு. எப்ப சொன்னீங்க?

ஊட்டிக்காத்து: சார், ஆட்டோ பிரெஸ்னா ஆட்டோதான். முப்பது வருஷமா ஆடறேன், ஒருத்தரும் இப்படி அழுததில்ல.

நாலடிபுட்: முப்பது வருஷம் தப்பா ஆடினா ரூல் ஆயிடுமா? ரூல் புக்ல பிரெஸ்ங்கற வார்த்தையே கெடையாது. அது புது பெட்டு, ஒருத்தன் கேக்கணும், இன்னொருத்தன் சரின்னு சொல்லணும். முதல் டீலயே "ரெண்டு டவுன்னா ஆட்டோ"ன்னு பேசியிருந்தா நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன். பேசல.

பங்கர்வாசி: 1900 வாக்குல நியூயார்க் லாங் ஐலண்ட்ல, நாஸா கன்ட்ரி கிளப்ல இந்த முறை வந்ததே தோக்கறவன் மானம் ரொம்ப போகக்கூடாதுன்னுதான், எவ்ளோ மோசமா தோத்தாலும் 3-0 தான். நீங்க அத வெச்சே மானத்த வாங்கறீங்க. பேசாம ஸ்கின்ஸ் ஆடுங்கப்பா, ஒவ்வொரு ஹோலுக்கும் தனிப் பணம், ஜெயிச்சவனுக்கு; டை ஆனா பணம் அடுத்த ஹோலுக்குப் போயிடும், தகராறே இல்ல.

சிங்கிள்ஹேண்டிகேப்: ஸ்கின்ஸ்ல தகராறு இல்லயா? 1983ல அரிசோனால நடந்த முதல் ஸ்கின்ஸ் கேம்ல பால்மர், நிக்லஸ், வாட்சன், கேரி பிளேயர்னு நாலே பேரு. பிளேயர் 17வது ஹோல்ல மட்டும் 1,50,000 டாலர் அள்ளினாரு. 16ல பந்துக்குப் பின்னாடி இருந்த இலைய ரூல மீறி ஒதுக்கினாருன்னு வாட்சன் சண்டைக்கே போயிட்டாரு.

பங்கர்வாசி: பிளேயர் அத மறுத்தாரே, அத மட்டும் ஏன் முழுங்கறீங்க? உங்களுக்கு வாட்சன்னா கண்ணு தெரியாது, மாஸ்டர்ஸ் பேச்சு வந்தப்பவும் இதேதான் பண்ணீங்க.

சிங்கிள்ஹேண்டிகேப்: அத இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களா? சந்தோஷம்.

ஊட்டிக்காத்து: நாலடிபுட் சார், 18 ஹேண்டிகேப்னு, அதாவது 90 வாக்குல அடிக்கறவர்னு, கார்ட் வெச்சிக்கிட்டு பணம்னா மட்டும் 80 அடிக்கறீங்களே, அதப் பத்தி ஒரு திரெட் போடுங்களேன்.

நாலடிபுட்: ஒரே ஒரு தடவ 80 அடிச்சேன், அதுவும் குளிர்காலத்துல, கேடி கூட இருந்தாரு, போய் கேளுங்க. பேச்ச மாத்தாதீங்க. 200 ரூபா எனக்குப் பெரிசில்ல, அன்னிக்கு எல்லாருக்கும் டிபன் வாங்கிக் குடுத்ததே நான்தான்.

ஊட்டிக்காத்து: அந்த டிபனயும் கணக்குல எழுதிட்டீங்களா?

நாலடிபுட்: எழுதல. நான் கேக்கறது ஒண்ணுதான். 14வது டீல "பிரெஸ்"னு யாரு சொன்னா?

ஊட்டிக்காத்து: சொல்லவே வேணாம் சார். ஆட்டோ.

நாலடிபுட்: யாரு சொன்னா?