மூன்று நாடு, பத்து நாள்: டேட்டாவுக்கு என்ன வழி?

அடுத்த மாதம் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி போகிறோம். மொபைல் டேட்டாவுக்கு எது கட்டுப்படியாகும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

போன பயணத்தில் ரோமிங்கை அணைக்க மறந்துவிட்டேன். போட்டோக்கள் தானாக பேக்கப் ஆகி, ஹோட்டல் போய்ச் சேர்வதற்குள் பில் எகிறிவிட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

இந்த முறை இ-சிம் (அட்டை போடாமல் போனிலேயே பதிவாகும் சிம்) எடுக்கலாம் என்று யோசனை. போன் அதை ஏற்கும், ஒரே நிறுவனத்தின் சிம்தான் ஓடும் என்ற லாக்கும் இல்லை. சிக்கல் சுவிட்சர்லாந்தில்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் சிம்களுக்கு ஒன்றியத்துக்குள் 2017 முதல் தனி ரோமிங் கட்டணம் கிடையாது. சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. அதனால் பாரிஸில் சிம் வாங்கினால் ரயில் எல்லை தாண்டியதும் ரோமிங் கட்டணம் கடித்துவிடுமோ என்று பயம். மூன்று நாட்டுக்கும் சேர்த்து எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், டேட்டா மட்டும் தரும் இ-சிம்மில் போன் எண் வராது. வங்கி ஓடிபிக்காகப் பழைய சிம்மை, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, போனிலேயே வைத்திருந்தால் போதுமா? உங்களுக்கு எஸ்எம்எஸ் ஒழுங்காக வந்ததா?

மேப், வாட்ஸ்அப், டிக்கெட், அவ்வளவுதான் தேவை. 5 ஜிபி தாங்குமா? அப்பாவின் பழைய போனுக்கும் என் ஹாட்ஸ்பாட்தான் கதி. அதைத் தடுக்காத பிளானாகச் சொல்லுங்கள்.