500 டாலருக்குள் தினமும் உடன் வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி: எதை வாங்குவது?

இரவுக்கடை எழுதியது:

வணக்கம். ஹூஸ்டனின் தென்மேற்குப் பகுதியில் ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் மாலை மூன்று மணி முதல் இரவு பதினொன்று வரை வேலை பார்க்கிறேன். கடையைப் பூட்டியபின் அன்றைய வசூலைப் பையில் எடுத்துச் சென்று வங்கியின் இரவுப் பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்புவது என் பொறுப்பு. சென்ற மாதம் எங்கள் தெருவிலேயே இன்னொரு கடைக்காரரை வாகன நிறுத்தத்தில் மடக்கிப் பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. முதலாளியிடம் எழுத்தில் அனுமதியும் வாங்கிவிட்டேன். வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். எல்லாச் செலவும் சேர்த்து 500 டாலர்தான் ஒதுக்க முடியும். நான் விசாரித்த கடையில் டாரஸ் ஜி2சி 230 டாலர், குளாக் 19 540 டாலர். இரண்டாவதற்காக இன்னும் நான்கு மாதம் பணம் சேர்ப்பதா, முதலாவதை இப்போதே வாங்குவதா என்று தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இப்போதே வாங்குங்கள், ஆனால் 500 டாலரையும் துப்பாக்கிக்கே கொடுத்துவிடாதீர்கள். வரி 8.25 விழுக்காட்டைச் சேர்த்தால் ஜி2சி ஏறத்தாழ 249 டாலர் ஆகும். விசையை முழுவதும் மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை 50, பயிற்சிக்கு ஐம்பது தோட்டா கொண்ட 9 மி.மீ. பெட்டி மூன்று 42, இடுப்பில் வைக்க, பட்டதும் விரியும் ஹாலோ பாயின்ட் தோட்டா ஒரு பெட்டி 25, வண்டியில் கம்பியோடு பிணைக்கும் சிறு பூட்டுப்பெட்டி 35. ஆக 401 டாலர். மீதிப் பணத்தில் துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்வதற்கான டெக்சாஸ் உரிமம் எடுங்கள்: கட்டணம் 40, வகுப்புக்கு 55 என்று வைத்தாலும் 496-இல் முடிந்துவிடும்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர், சட்டத்தடை எதுவும் இல்லாதவராயின், உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, மாநில உரிமம் உள்ளவருக்குத்தான் அதில் விலக்கு. தினமும் வண்டியில் போய்வருபவர் எத்தனை பள்ளிகளைக் கடக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

கேட்டிவாசி எழுதியது:

கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அதன் முதல் வரியிலேயே எனக்கு உடன்பாடில்லை. நான் முதன்முதலில் வாங்கியதும் 200 டாலர் துப்பாக்கிதான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மூன்றாவது மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே விழாமல், சுடும்போது பின்னே போய்வரும் மேற்பகுதியான ஸ்லைடின் வாயில் அடுப்புக் குழாய்போல நிமிர்ந்து நின்றது. கையால் தட்டிவிட்டேன், அடுத்த மேகசினில் மீண்டும் நின்றது. பழுதுபார்க்க அனுப்பினால் ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது, அதே நோயோடு. அந்த ஏழு வாரமும் என் இடுப்பு காலி. டாரஸ் மீதே, கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்ற குற்றச்சாட்டில் ஒன்பது பழைய மாடல்களுக்காகக் கூட்டு வழக்கு வந்து, நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டது ஊரறிந்தது.

காவல்துறை கழித்துவிட்ட குளாக்கைத் தேடுங்கள். 2015-ஐ ஒட்டி எஃப்.பி.ஐ. 9 மி.மீ.க்குத் திரும்பியதும் நாடு முழுவதும் பல காவல்துறைகள் பின்தொடர்ந்தன, அதைவிடச் சற்றுப் பெரிய தோட்டாவான .40 காலிபர் குளாக்குகள் குவியலாகக் கடைக்கு வந்தன. உறையில் ஏறி இறங்கி மேற்பூச்சு தேய்ந்திருக்கும், ஆனால் உள்ளே அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் 330 டாலருக்குக் கிடைக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த வழக்கின் பட்டியலில் ஜி2சி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. உங்கள் துப்பாக்கி சிக்கியது வருத்தத்துக்குரியது. ஆனால் 200 தோட்டா சுட்டுப் பார்க்காமல் எந்தத் துப்பாக்கியையும், விலை எதுவானாலும், இடுப்பில் வைக்கக் கூடாது என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் பாடம் என்பேன். நான் எழுதிய மூன்று பெட்டி பயிற்சிக்கு மட்டுமல்ல, இந்தச் சோதனைக்கும் தொடக்கம். நான்காவது பெட்டியை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் 330 டாலரில் சொல்லாமல் விட்ட செலவுகளைப் பார்ப்போம். .40 தோட்டா 9 மி.மீ.யைவிட விலை அதிகம், பின்னுதைப்பும் கூர்மை. புதிதாகக் கற்பவர் இரண்டாம் தோட்டாவுக்குக் குறியை மீண்டும் பிடிப்பதற்குள் திணறிவிடுவார். கழிவாக வருவதில் பெரும்பாலானவை முழு அளவிலான குளாக் 22. சட்டைக்குள் அதை மறைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் கல்லாவில் நின்று பாருங்கள். குறிபார்க்க இரவில் ஒளிரும் புள்ளிகளும் வந்துவிடும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். அவற்றில் இருப்பது டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு, பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் ஒளி பாதியாகிவிடும். பத்தாண்டு ரோந்துக்குப்பின் கைக்கு வருவது பெரும்பாலும் மங்கிய புள்ளிதான்.

சாரதா எழுதியது:

இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். பியர்லாந்தில் ஆறு ஆண்டுகளாக ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வரை வைத்திருக்கிறேன். எடை 15 அவுன்ஸுக்கும் குறைவு, ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் வகை. கடையில் சிறிய பிஸ்டலின் ஸ்லைடை இழுக்கச் சொன்னபோது என் மணிக்கட்டால் பாதிவரைதான் வந்தது, பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் சிரித்ததையும் மறக்கவில்லை. ரிவால்வரில் இழுக்க ஸ்லைடு இல்லை, நிமிர்ந்து நிற்கத் தோட்டாக்கூடும் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது முன்னே வந்து நிற்கும். ஹூஸ்டன் ஆகஸ்டில் வியர்வையிலும் சட்டைப்பஞ்சிலும் ஊறிக் கிடந்ததை மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் இடுகிறேன், அவ்வளவுதான். பயன்படுத்தியதாக 350 டாலருக்குள் தேடினால் கிடைக்கும்.

கேட்டிவாசி எழுதியது:

அம்மா, உங்களுக்கு அது பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடுபவருக்கு இதைவிடக் கடினமான ஆசிரியர் கிடையாது. இவ்வளவு இலேசான ரிவால்வரில் இருபது தோட்டா சுட்டதும் உள்ளங்கை கன்றிப்போகும், விசையும் கனமானது, நீளமாக இழுக்க வேண்டும். வலிப்பதால் பயிற்சியை விட்டுவிடுவார்கள், நான் நேரில் கண்டிருக்கிறேன். மேலும் அந்தக் குட்டைக் குழலில் வேகம் குறைவதால் பல ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள் விரிவதே இல்லை; எஃப்.பி.ஐ. சோதனை எதிர்பார்க்கும் 12 முதல் 18 அங்குல ஊடுருவலும் விரிதலும் ஒருசேரக் கிடைக்க, தோட்டாவைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

வைகை எழுதியது:

எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. இரவு பதினொரு மணிக்கு, தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், பணப்பையோடு தனியாக ஒருவரை அனுப்பும் முதலாளியின் ஏற்பாடுதான் ஆபத்து. அதை 500 டாலர் செலவழித்துத் தொழிலாளி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கடைக்குள் மேலே துளையுள்ள இரும்புப்பெட்டி ஒன்றை வைத்து, பணத்தை அதில் போட்டுவிட்டு, மறுநாள் காலை வெளிச்சத்தில் இருவராக எடுத்துப் போனால் பறிக்க வருபவனுக்கு இரவில் பையே இல்லை. கையில் பையும் சாவிக்கொத்தும் இருக்கும்போது எதிரில் ஏற்கெனவே துப்பாக்கியை நீட்டி நிற்பவனுக்கு முன்னால் சட்டையைத் தூக்கி உருவுவதற்கு எத்தனை வினாடி ஆகும் என்று இங்கே யாரும் எழுதவில்லை.

அடுத்தது அந்தக் குழந்தை. உடனே சுடும் நிலையில் உள்ள துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி கவனக்குறைவாக விடப்பட்டால் டெக்சாஸில் அது குற்றம். வீட்டுக்கு வந்ததும் இடுப்பிலிருந்து கழற்றி எங்கே வைப்பார்? கணக்குப்பிள்ளையின் பட்டியலில் வண்டிக்குப் பெட்டி இருக்கிறது, படுக்கையறைக்கு இல்லை.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மாநிலத்தில் உரிமம் தேவையில்லை என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு நம்மவர் யாரும் கடைக்குப் போய்விட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

படுக்கையறைப் பெட்டியை விட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். புதிய கைத்துப்பாக்கியோடு பூட்டு ஒன்றைக் கடைக்காரர் தந்தே ஆக வேண்டும், அது சட்டம். அந்தக் கம்பிப்பூட்டை இரவில் மேகசினைக் கழற்றி மாட்டலாம். நல்ல பெட்டிக்கு இன்னொரு 40 டாலர் ஆகும், 500 தாண்டிவிடும். ஆனால் முதலாளியை மாற்றுங்கள், ஏற்பாட்டை மாற்றுங்கள் என்று சொல்வது நமக்கு எளிது. அவர் நாளை இரவும் அதே பையைத் தூக்கித்தானே ஆக வேண்டும்?

வைகை எழுதியது:

கேட்டுப் பார்க்காமலேயே முடியாது என்று முடிவு கட்டுகிறீர்கள்.

இரவுக்கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் ஒன்றுக்குப் போய் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். ஏழு கஜத்தில் ஒரு தட்டளவு வட்டத்துக்குள், பத்துக்கு ஜி2சியில் எட்டு விழுந்தது, .40 குளாக்கில் ஐந்து. ரிவால்வரில் முதல் தோட்டாவே தரையைத் தொட்டது. விசையை இழுக்க இழுக்கக் குழல் தாழ்ந்ததைப் பயிற்சியாளர் விரலால் காட்டினார். சாரதா அம்மா மன்னிக்கவும்.

வைகை சொன்னதை முதலாளியிடம் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு காப்பீட்டுக்காரரிடம் பேசிவிட்டு இரும்புப்பெட்டிக்குச் சம்மதித்தார். அது வர மூன்று வாரம் ஆகும். வந்தபின்னும் பூட்டிவிட்டுத் தனியாக வண்டிக்கு நடப்பவன் நான்தான், ஆகவே துப்பாக்கி எண்ணத்தைக் கைவிடவில்லை. ஆனால் வரிசையை மாற்றிவிட்டேன்: இந்த மாதம் படுக்கையறைப் பெட்டியும் உரிம வகுப்பும், அடுத்த மாதம் ஜி2சி. வகுப்பின் முடிவில் மூன்று, ஏழு, பதினைந்து கஜத்தில் ஐம்பது தோட்டா சுட வேண்டுமாம், அதற்கு மட்டும் துப்பாக்கி வேண்டும்.

கேட்டிவாசி எழுதியது:

வாடகைக்கு எடுக்காதீர்கள். சனிக்கிழமை நானும் உடன் வந்து என் குளாக் 19-ஐத் தருகிறேன், 9 மி.மீ.தான். சுட்டபின் அந்த ஜி2சியைப் பற்றி மறுபடி பேசுவோம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் ஒரு பெட்டித் தோட்டா 14 டாலரை இந்த மாதக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கி இரவல் என்றாலும் தோட்டா உங்களுடையதாக இருக்கட்டும்.