அமைச்சர் சொன்னது ஆமா, இல்லையா? எங்கள் ஊர்ப் பாலத்துக்குப் பேரவையில் வந்த பதில்

கேள்வி: தென்கரை

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் ஊர்ப் பெயர் முதல் தடவையாகச் சட்டப்பேரவையில் ஒலித்தது. கேள்வி நேரத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர் எங்கள் தரைப்பாலத்தைப் பற்றிக் கேட்டார். முந்தின நாளே தகவல் வந்துவிட்டதால் டீக்கடையில் நாற்பது பேர் கூடிவிட்டோம். கடைக்காரர் தன் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார். சபாநாயகர் திருக்குறள் வாசித்துப் பொருள் சொன்னதிலிருந்து ஒருவரும் நகரவில்லை.

எங்கள் கேள்வி ஏழாவதாக வந்தது. பேசியதை வீடியோவில் நான்கு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

உறுப்பினர்: "அந்தத் தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாகக் கட்ட அரசு முன்வருமா?"

அமைச்சர்: "அத்தகைய கருத்துரு தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை."

பிறகு உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டார். மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் படும் பாட்டை நன்றாகவே எடுத்துச் சொன்னார். அமைச்சர் எழுந்து, "உறுப்பினர் சொன்ன இடம் முக்கியமான இடம்தான். சாலை தரம் உயர்த்தப்பட்ட பின், போக்குவரத்துச் செறிவையும் நிதிநிலையையும் பொறுத்து, முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்" என்றார். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

உடனே ஊர் இரண்டாகிவிட்டது. பாதிப் பேர் பாலம் வந்துவிட்டது என்று வெடி வாங்கப் போனார்கள். என் பெரியப்பா, "முதல் வாய்க்கே இல்லை என்று சொல்லிவிட்டாரே, எதற்கு வெடி?" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் மூன்று பத்திரிகை வாங்கிப் பார்த்தேன். அன்று மதியம் நடந்த வெளிநடப்புதான் பக்கம் முழுக்க. எங்கள் பாலம் ஒரு வரிகூட இல்லை.

போன ஐப்பசியில் மூன்று நாள் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. அம்மா இரண்டு வேளைப் பாலையும் கேனோடு திருப்பிக் கொண்டுவந்து தயிராக்கினாள். ஆற்றைத் தாண்டினால் பால் சொசைட்டி கூப்பிடு தூரம். சுற்றிப் போனால் 14 கிலோமீட்டர். அதனால்தான் கேட்கிறேன். பேரவை மொழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதற்கு என்ன அர்த்தம்? நாங்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பதில்: பழைய நிருபர்

தம்பி, இருபத்திரண்டு வருடம் பேரவைச் செய்தி எழுதியவன் நான். கோட்டையில் எழுதினேன். 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய அரங்கில் எழுதினேன், அடுத்த வருடமே மறுபடி கோட்டைக்கு வந்து எழுதினேன். கொரோனா காலத்தில் கலைவாணர் அரங்கில் எழுதியதோடு ஓய்வு பெற்றேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பாலம் பத்திரிகையில் வராததற்கு என் போன்றவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கேள்வி நேரம் முடியும்வரை பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு நிறைய. கூச்சல் எழுந்தால்தான் குனிந்து எழுதுவோம். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். அதில் மூன்று துண்டு இருக்கிறது, மூன்றுக்கும் எடை வேறு.

"கருத்துரு பரிசீலனையில் இல்லை" என்றால் மறுத்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. அன்றைய தேதிக்குத் துறையில் இந்தப் பாலத்துக்கென்று ஒரு கோப்பும் இல்லை, அவ்வளவுதான். கேள்வி பட்டியலில் சேர்ந்ததும் துறை கீழே எழுதிக் கேட்கும். கீழிருந்து "முன்மொழிவு இல்லை" என்று வரும். அது அப்படியே அச்சாகி அமைச்சர் கைக்குப் போகும். உங்கள் பெரியப்பா கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் கதை அங்கே முடியவில்லை.

"போக்குவரத்துச் செறிவு, நிதிநிலை, முன்னுரிமை" என்ற பகுதி நூறு கேள்விகளுக்கும் பொதுவாக வருவது. அதற்கு வெடி வாங்க வேண்டாம்.

நடுவில் ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், "சாலை தரம் உயர்த்தப்பட்ட பின்". இதுதான் பதில். இந்தச் சொல் அமைச்சருக்குச் சும்மா வந்திருக்காது. கேள்விக்கான பதில் முன்கூட்டியே தயாராகிவிடும், துணைக் கேள்விக்கு அப்படி இல்லை. அதனால் துணைக் கேள்வி எழும்போது அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தை நான் பார்ப்பேன். அங்கே ஒருவர் கோப்பைப் புரட்டுவார், இன்னொருவர் துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதுவார், அது கை மாறி அமைச்சரிடம் போகும். சீட்டைப் பார்த்துவிட்டு அமைச்சர் ஓர் எண்ணோ குறிப்பான ஒரு சொல்லோ சொன்னால், அது விஷயம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தது. உங்கள் வீடியோவை மறுபடி ஓட்டுங்கள். அமைச்சர் அந்த வரிக்கு முன்னால் கீழே குனிந்து பார்த்தாரா என்று கவனியுங்கள்.

அது சொல்வது இதைத்தான்: பாலம் கிடக்கும் சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானதாக இருக்காது, ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கும். தன்னுடையது அல்லாத சாலையில் ஒரு துறை பாலம் கட்டாது. ஆகவே முதல் வேலை சாலையை மாற்றுவது, பாலம் அதற்கு அடுத்துதான்.

இன்னொன்று. கேள்வி நேரம் அன்றைய அலுவலில் முதல் ஒரு மணி நேரம் மட்டும். அதற்கப்புறம் உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம், ஒரு பிரச்சினைக்கு அமைச்சரின் கவனத்தைத் திருப்பும் விதி 55 கவன ஈர்ப்பு, சில நாட்களில் விதி 110-இல் அமைச்சர் படிக்கும் அறிக்கை. 110-இல் படிப்பதன் மேல் விவாதம் கிடையாது, யாரும் கேள்வி கேட்க முடியாது. பிறகு பட்ஜெட் காலமாக இருந்தால் மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பது. உறுப்பினர்கள் பேசுவார்கள், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள், கடைசியில் அமைச்சர் பதிலுரை. அந்தப் பதிலுரையின் கடைசிப் பக்கங்களில் புதிய அறிவிப்புகள் வரும். ஊர்ப் பெயர் போட்டு, பாலத்தின் மதிப்பீட்டுத் தொகை போட்டு வருவது அங்கேதான். அப்புறம் குரல் வாக்கெடுப்பு, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தலை எண்ணி வாக்கெடுப்பது அபூர்வம். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள், ஆதரவு 122, எதிர்ப்பு 11. அதை ஊரே பேசியது. ஆனால் உங்கள் பாலம் பிழைக்கப்போவது ஏதோ ஒரு வருடத்து மானியக் கோரிக்கையில், பதிலுரையின் கடைசிப் பக்கத்தில்தான். உங்கள் உறுப்பினர் அதற்கு முன்பே துறையில் பேசிவைக்க வேண்டும்.

நேரலை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில்தான் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் இப்படி ஊரே உட்கார்ந்து கேட்க வழியில்லை. ஆனாலும் உங்களுக்கு வேண்டியது அச்சான அவை நடவடிக்கைக் குறிப்பு. அன்று நீக்கப்பட்டது போக மீதி எல்லாம் அதில் வார்த்தைக்கு வார்த்தை இருக்கும். 1967 ஜூலை 18 அன்று மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கத் தீர்மானம் நிறைவேறிய நாளின் பேச்சும் அப்படித்தான் பதிவாகி இருக்கிறது. அதே வரிசையில் வரும் ஒரு தொகுதியில் உங்கள் தரைப்பாலத்தின் இரண்டு நிமிடமும் இருக்கும். தேதி, கேள்வி எண் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மனுவின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.

பேரவையில் அமைச்சர்கள் தரும் வாக்கைத் தொடர்ந்து பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, மாவட்டங்களுக்கும் வந்து ஆய்வு செய்யும். மக்களவையில் இதே போன்ற குழுவுக்கு எந்தெந்தச் சொற்றொடர் வாக்குறுதியாகும் என்று பட்டியலே உண்டு. "பரிசீலனையில் உள்ளது" என்பதும் அதில் ஒன்று. உங்களுக்குக் கிடைத்தது நிபந்தனையோடு வந்த பதில், அதனால் வலு கொஞ்சம் குறைவுதான். இருந்தாலும் உங்கள் உறுப்பினர் வழியாக அந்தக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பதில்: மல்லிகைப்பந்தல்

நிருபர் ஐயா சொன்னது சரி. நான் ஐந்து வருடம் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவள்.

தம்பி, நாளைக்கே ஒன்றிய அலுவலகம் போய்ச் சாலைப் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஊரை இணைக்கிறது என்று அதில் இருக்கும். ஒன்றியச் சாலை என்றால் அதை மாவட்ட இதர சாலையாக, அதாவது நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக, தரம் உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பேருந்து போகிறதா, இரண்டு பெரிய சாலையை இணைக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சாலையை ஒப்படைக்க ஒன்றியத்தின் தீர்மானம் வேண்டும். கவுன்சில் இல்லாத காலமென்றால் தனி அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும்.

தரம் உயர்ந்ததும் நெடுஞ்சாலைத் துறையில் நபார்டு (ஊரக வளர்ச்சிக்குக் கடன் தரும் வங்கி) மற்றும் கிராமச் சாலைகள் பிரிவுக்குப் போங்கள். கிராமத்துப் பாலங்கள் நிறைய அந்தப் பிரிவு வழியாகத்தான் வருகின்றன.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு பாலம் இருந்தது. சாலை யாருடையது என்று தெரியாமல் ஆறு வருடம் வேறு அலுவலகத்துக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். வாங்கினவர்கள் ஒரு தடவைகூட "இது எங்களுடையது இல்லை" என்று வாய் திறக்கவில்லை. அந்த ஆறு வருடம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. நீங்கள் அப்படி வருடத்தைத் தொலைக்காதீர்கள்.

பதில்: மேட்டுத்தெரு

சட்டப்பேரவை மனுக்கள் குழுவையும் மறந்துவிட வேண்டாம். அந்தக் குழு மாவட்டத்துக்கு வருவதற்கு முன்னால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வரும். பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான், அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை கேட்பது, வழக்கு நடக்கும் விஷயம் இதெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழில் எழுதி ஐந்து பிரதி கொடுத்தோம். நாங்கள் சுடுகாட்டுப் பாதைக்குக் கொடுத்தபோது, குழு உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எங்களையும் நிற்க வைத்து, அதிகாரியையும் நிற்க வைத்துக் கேட்டார்கள். ஆறே மாதத்தில் பாதை வந்தது. அதிகாரி பதில் சொன்ன குரலே வேறாக இருந்தது. என்னால் அதை மறக்க முடியாது.

உங்கள் மனுவில் பாலத்தையும் சாலையையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். துறை இரண்டாகிவிடும், மனு நிற்காது.

தென்கரை

எல்லோருக்கும் நன்றி. நிருபர் ஐயா, வீடியோவை மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே அமைச்சர் குனிந்து ஒரு சின்னக் காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் "தரம் உயர்த்தப்பட்ட பின்" என்றார். பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். போனைக் கையில் வாங்கி அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றிய அலுவலகத்துக்கு அவரே என்னோடு வந்தார்.

பதிவேட்டைக் காட்ட முதலில் தயங்கினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி எழுதித் தரவா என்று பெரியப்பா கேட்டதும் எடுத்து வைத்தார்கள். அக்கா சொன்னது சரி, ஒன்றியச் சாலைதான். நீளம் 3.2 கிலோமீட்டர். தொடக்கத்தில் மாவட்ட முக்கியச் சாலை, முடிவில் மாநில நெடுஞ்சாலை. இரண்டையும் இணைக்கிறது!

நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் வைக்கப்போகிறோம். வாசகம் இப்படி எழுதியிருக்கிறேன்: "எங்கள் ஊர்த் தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக மாற்ற அரசு ஆவன செய்யுமாறு இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது." சரியா ஐயா?

பழைய நிருபர்

சரியில்லை தம்பி. "ஆவன" என்று எழுதினால் பதிலும் "ஆவன செய்யப்படும்" என்றுதான் வரும். பாலத்தை இந்தத் தீர்மானத்தில் கேட்காதீர்கள், சாலையை மட்டும் கேளுங்கள். இப்படி எழுதுங்கள்: "இன்ன தேதியில் பேரவையில் இன்ன எண் கேள்விக்கு அமைச்சர் அளித்த பதிலின்படி, இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்தில் முடியும் 3.2 கிலோமீட்டர் ஒன்றியச் சாலையை மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்த இக்கிராம சபை கோருகிறது." அதற்குக் கீழே சாலை எந்த இரண்டு சாலைகளை இணைக்கிறது, எத்தனை ஊர் பயன்படுத்துகிறது, கடந்த ஐந்து வருடத்தில் தண்ணீர் ஏறிய நாட்கள் எவை என்று எழுதுங்கள். அந்த நாட்களை அம்மாவிடம் கேளுங்கள். சொசைட்டிப் பால் அட்டையில் பால் ஊற்றாத நாளெல்லாம் வெறுமையாக இருக்கும்.