அலுமாரிக்குள் பொருத்திய குளிர்சாதனப் பெட்டி பகலில் குளிர்வதில்லை: வாயு நிரப்புவதா, வேறு பழுதா?

பரந்தன் வாசி:

வணக்கம். பரந்தனில் நாங்கள் கட்டிய வீட்டின் குசினியில், பான்ட்ரி அலுமாரிகளுக்கு நடுவே பொருத்தி, முன்னால் பலகைக் கதவு இட்ட குளிர்சாதனப் பெட்டி ஒன்றைப் பாவித்து வருகிறோம். ஜேர்மனியில் வசிக்கும் அக்கா குடும்பத்தினர் தங்கள் வீட்டில் பாவித்ததைக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். மேலே குளிர்ப்பகுதி, கீழே உறைபகுதி. மாரி காலத்தில் குறை எதுவும் தெரியவில்லை. பங்குனி வெயில் ஏறியதிலிருந்து, மதியத்துக்குப் பின் மேற்பகுதியில் வைத்த பால் புளித்துவிடுகிறது. உறைபகுதியில் ஐஸ் கட்டிகள் உருகாவிட்டாலும் ஐஸ்கிறீம் இளகிவிடுகிறது. விடியற்காலையில் பார்த்தால் இரண்டும் ஓரளவு தேறியிருக்கும்.

கொம்பிரசர் நிற்காமலே ஓடுகிறது. பெட்டியின் இரு பக்கத்து அலுமாரிகளிலும் கைவைத்தால் சூடு தெரிகிறது. மரக்கறி இழுப்பறைக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. சில நாட்களில் மாலை நேரத்தில் கொம்பிரசர் நின்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்கிறது.

பார்க்க வந்த திருத்துநர் ஒருவர், பெட்டியை அலுமாரியிலிருந்து வெளியே எடுக்காமலேயே, வாயு முடிந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும் என்றார். பணத்தைச் செலவழிக்க முன்னர், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வவுனியா திருத்துநர்:

தம்பி, வாயு நிரப்பும் முடிவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் வாயு, மோட்டார் சைக்கிளின் பெற்றோலைப்போல ஓட ஓடச் செலவாகும் பொருளன்று. மூடி ஒட்டப்பட்ட குழாய்களுக்குள் அதே அளவு வாயுதான் ஆண்டுக்கணக்காகச் சுற்றி வருகிறது. அது குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால், நிரப்பியதும் போய்விடும். அத்துடன், கசிவுள்ள பெட்டி நாளுக்கு நாள் மோசமாகுமே தவிர, பகலில் சோர்ந்து விடிய முன்னர் தேறிவிடும் வழக்கம் அதற்கு இல்லை. உங்கள் பெட்டி வெயிலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அது வெப்பம் வெளியேற முடியாத பெட்டியின் குணம்.

கசிவு உண்டா என்று பார்க்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. உறைபகுதியின் பின்பலகையைக் கழற்றினால் குளிர்ச்சுருள் தெரியும். அதன் எல்லா வரிகளிலும் மெல்லிய வெண்பனி ஒரே சீராகப் படர்ந்திருந்தால் வாயு போதுமான அளவில் இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து மற்ற வரிகள் வெறுமையாக இருந்தால், அப்போதுதான் வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். சுருளே தெரியாதபடி தடித்த பனிப்பாறையாக இருந்தால், அது பனி உருக்கும் ஏற்பாட்டின் பழுது. வாயுவோடு அதற்குத் தொடர்பு இல்லை.

அடுத்து, மரக்கறி இழுப்பறையைக் கழற்றி உட்சுவரில் ஒட்டியிருக்கும் விபரத் தகட்டைப் பாருங்கள். அதில் காலநிலை வகுப்பு ஆங்கில எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கும். ‘எஸ்என்’ என்றால் சுற்றுப்புறம் 10 முதல் 32 பாகை செல்சியஸ் வரை, ‘என்’ என்றால் 16 முதல் 32 வரை, ‘எஸ்டி’ என்றால் 16 முதல் 38 வரை, ‘டி’ என்றால் 16 முதல் 43 வரை வேலை செய்யும்படி அந்தப் பெட்டி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் பெட்டிகளில் முதல் இரண்டு வகுப்புகளையும் அடிக்கடி காணலாம். வன்னியின் சித்திரை மதியத்தில், அடுப்பு எரியும் குசினியில் 32 பாகை என்பது எளிதாகத் தாண்டப்படும் எல்லை. (கனடாவிலிருந்து பெட்டி அனுப்ப நினைக்கும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்: அங்குள்ளவை 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியவை. மின்மாற்றி வோல்ற்றைக் குறைக்குமே தவிர, நமது 50 ஹேர்ட்ஸை மாற்றாது.)

அதே தகட்டில் வாயுவின் வகையும் இருக்கும். ஆர்-600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றக் கூடியது. கொம்பிரசரில் தீச்சுடர் அடையாளமுள்ள எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அத்தகைய பெட்டியில் மொத்த வாயுவே சில பத்துக் கிராம்கள்தான். கண்மதிப்பில் நிரப்ப முடியாது, தராசு வேண்டும். அதற்குள் ஆர்-134ஏ வாயுவைக் கலந்து நிரப்பவும் கூடாது. காஸ் அடுப்புக்குப் பக்கத்தில், அலுமாரிக்குள் பெட்டி இருக்கும்போதே குழாயைத் தீயால் ஒட்ட முனைபவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இழுப்பறைக்கு அடியில் தேங்கும் தண்ணீருக்குக் காரணம் எளிது. குளிர்ப்பகுதியின் பின்சுவரில் படியும் ஈரம், கொம்பிரசர் ஓய்ந்திருக்கும் வேளைகளில் உருகி, சுவரின் அடியிலுள்ள சிறு துளை வழியே வெளித்தட்டுக்குப் போய் ஆவியாக வேண்டும். கீரைத் துண்டும் அழுக்கும் அத்துளையை அடைத்துவிடும். இளஞ்சூட்டு நீரை ஊசியில்லாத சிறிஞ்சினால் செலுத்திச் சுத்தம் செய்யுங்கள். கூரான கம்பியால் குத்த வேண்டாம். குழாய் கிழிந்தால் நீர் சுவரின் காப்புப் பஞ்சுக்குள் இறங்கும்.

புதுக்குடியிருப்புத் தச்சர்:

ஐயா சொன்ன வெப்பம் வெளியேறும் வழியைப் பற்றி, அலுமாரி வேலை செய்பவன் என்ற முறையில் சில விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். பெட்டிக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடும் கம்பிவலை இந்தப் பெட்டிகளின் பின்புறத்தில் இருக்கிறது. அலுமாரியின் அடிப்பலகையிலுள்ள இடைவெளியால் குளிர்ந்த காற்று நுழைந்து, பெட்டிக்குப் பின்னாலுள்ள வெற்றிடத்தில் சூடேறி மேலெழுந்து, உச்சியில் வெளியேற வேண்டும். பல உற்பத்தியாளர்களின் பொருத்தும் கையேடுகள் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் குறைந்தது 200 சதுர சென்ரிமீற்றர் திறப்பைக் கேட்கின்றன. பின்சுவரில் 4 அல்லது 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் காற்றுக் குழி வேண்டும்; அலுமாரியின் அடித்தட்டும் மேற்தட்டும் சுவரைத் தொடும்வரை வரக்கூடாது.

நம் பகுதிகளில் நடப்பது என்னவென்றால், வீட்டுக்காரர் அழகு கருதி அலுமாரியைக் கூரைத்தட்டு வரை உயர்த்தி, உச்சியைப் பலகையால் மூடும்படி கேட்கிறார்; தச்சரும் மூடிக் கொடுத்துவிடுகிறார். எலி நுழையும் என்று அடிப்பலகையையும் அடைத்துவிடுகிறார்கள். எலிக்கு அஞ்சினால் துளைகளுக்குக் கம்பிவலை அடிக்கலாமே தவிர, வழியை அடைக்கக் கூடாது. உச்சிப் பலகையை ஒருநாள் கழற்றி வைத்துப் பாருங்கள். வேறு செலவில்லாத சோதனை அதுதான்.

பெட்டியை வெளியே எடுக்கும்போது, பக்கங்களிலும் மேலும் உள்ள திருகாணிகளைக் கழற்றிய பின்னர் இருவராகப் பிடித்துக்கொள்ளுங்கள். திருகாணி இல்லாத நிலையில் கதவைத் திறந்தால் பெட்டி முன்பக்கம் சாய்ந்துவிடும். பலகைக் கதவு எந்த முறையில் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சிலவற்றில் பலகைக் கதவு அலுமாரியின் பிணைச்சலில் நின்று, பெட்டியின் கதவோடு ஒரு வழுக்குத் தண்டினால் மட்டும் இணைந்திருக்கும். வேறு சிலவற்றில் பலகை நேரடியாகப் பெட்டியின் கதவிலேயே தொங்கும். இரண்டாவது வகையில் கனமான பலகையைப் பூட்டினால் கதவு தாழ்ந்து, இறப்பர் பட்டி ஒரு மூலையில் விலகிவிடும். மாரியில் ஈரம் குடித்து ஊதிய பலகை, பக்கத்து அலுமாரிக் கதவில் உரசுவதாலும் இதே நிலை வரும்.

முல்லைத்தீவு ஆசிரியை:

எங்கள் வீட்டில் இதே போன்ற பெட்டியில் வேறு விதமான பழுது ஏற்பட்டது. உறைபகுதியின் பின்பலகைக்கு உள்ளே பனி பாறையாக இறுகி, காற்றாடியின் இறகு அதில் மோதி இரைந்தது. பெட்டியை நிறுத்தி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுவதும் உருகவிட்டால் அடுத்த சில நாட்களுக்கு நன்றாக இயங்கும். பிறகு பழைய கதைதான். அதோடு இடைக்கிடையே வீட்டின் றிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. இதற்கும் பெட்டிக்கும் தொடர்பு இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பிற வீடுகளிலும் இப்படி நேர்வதுண்டா?

வவுனியா திருத்துநர்:

ஆசிரியை அவர்களே, அந்த இரண்டு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால் பனி உருக்கும் சூடேற்றியில்தான் பழுது. சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை கொம்பிரசர் நிறுத்தப்பட்டு அந்தச் சூடேற்றி ஒளியின்றி எரியும்; அதன் உறையில் ஈரம் புகுந்தால் மின்சாரம் நிலத்துக்குக் கசிந்து றிப் சுவிட்ச் விழும். அது விழும் வேளைக்கும் பெட்டிக்கும் தொடர்பில்லாததுபோலத் தோன்றுவதற்குக் காரணம், சூடேற்றி எப்போதாவதுதான் வேலை செய்கிறது என்பதே. சுவிட்ச்சை நீக்கிவிட்டு நேரடியாக இணைக்கும்படி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள், உயிர் போகும்.

பிளக்கைக் கழற்றிய பின்னர், மல்ரிமீற்றரால் சூடேற்றியின் தடையை அளந்து பார்க்கலாம். 150 முதல் 200 வாற்று வரையான சூடேற்றிக்கு 230 வோல்ற்றில் ஏறக்குறைய 260 முதல் 350 ஓம் வரை காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சூடேற்றி நன்றாக இருந்தால், அதற்குத் தொடராக உள்ள சிறு வெப்பக் கட்டுப்பாட்டியைப் பாருங்கள். அது கடுங்குளிரில் மூடி, சூடானதும் திறக்கும் வகையைச் சேர்ந்தது. அறை வெப்பத்தில் அளந்துவிட்டு ‘பழுது’ என்று தூக்கி எறிபவர்கள் ஏராளம். உறைபகுதிக்குள் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். இவை இரண்டும் சரியென்றால் உணரியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மிஞ்சும். பலகையை மாற்ற முன்னர் அதைத் திறந்து பாருங்கள். பல்லி புகுந்து, இரண்டு முனைகளுக்கிடையே கருகிக் கிடப்பதை நம் பகுதியில் அடிக்கடி காணலாம்.

பரந்தன் வாசி:

அனைவருக்கும் நன்றி. தெரிந்த ஒரு திருத்துநரையும் தச்சரையும் ஒன்றாக அழைத்துப் பெட்டியை வெளியே எடுத்தோம். உறைபகுதிச் சுருளில் மெல்லிய பனி சீராகவே இருந்தது. அலுமாரியின் உச்சி முழுவதும் பலகையால் மூடப்பட்டிருந்தது. அடிப்பலகையிலும் திறப்பு இல்லை. பின்புறக் கம்பிவலையில் செம்மண் தூசு போர்வைபோலப் படிந்திருந்ததைத் தூரிகையால் நீக்கினோம். தகட்டில் ‘எஸ்என்’ முதல் ‘என்’ வரை என்று இருக்கிறது, வாயு ஆர்-600ஏ. நீர்த்துளையும் அடைபட்டுத்தான் இருந்தது.

உச்சியையும் அடியையும் திறந்து, கம்பிவலை அடித்துப் பெட்டியை மீண்டும் வைத்தோம். நடுத்தட்டில் ஒரு குவளை நீருக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்ததில், காலையில் 5 பாகை, மதியத்துக்குப் பின் 8 பாகை காட்டுகிறது. முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். ஆனாலும் இருக்க வேண்டிய 4 பாகைக்கு வரவில்லை, மாலை நேர ‘டிக்’ ஒலியும் நிற்கவில்லை.

வவுனியா திருத்துநர்:

காலையில் 5 வந்துவிட்டதென்றால் குளிரும் ஆற்றல் பெட்டியில் இருக்கிறது. இனிக் கதவைச் சோதியுங்கள். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி, சுற்றிலும் இடம் மாற்றி மாற்றி இழுத்துப் பாருங்கள். எங்கே தடையின்றி வருகிறதோ அங்கே காற்று புகுகிறது. பிணைச்சலைச் சீர்செய்து, இறப்பர் பட்டியை இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்தாலே பெரும்பாலும் போதும்; பட்டி வெடித்திருந்தால் மட்டும் புதிதாக மாற்றுங்கள். மதியத்தில் 8 பாகை வருவதில் ஒரு பங்கு காலநிலை வகுப்பினால் ஏற்படுவது, அதை எந்தத் திருத்துநராலும் முற்றாக நீக்க முடியாது. உச்சித் திறப்பில் ஒரு சிறு காற்றாடியை மேல்நோக்கி ஊதும்படி பொருத்தினால் ஓரிரு பாகை குறையலாம். சூடான கறிச்சட்டியை ஆறவிட்டு வையுங்கள், பாலைக் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே கீழ்த்தட்டில் வையுங்கள்.

மாலை ஒலிக்கு வருகிறேன். நம் நாட்டின் மின்வழங்கல் 230 வோல்ற், ஏற்ற இறக்கம் 6 சதவீதம். அதாவது 216 முதல் 244 வரை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை பாவனை உச்சத்தில் இருக்கும். மின்மாற்றியிலிருந்து தொலைவில், மின்கம்ப வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளில் அப்போது வோல்ற் இறங்கும். வோல்ற் குறையும்போது மோட்டார் புறப்பட முடியாமல் மிகையான மின்னோட்டத்தை இழுக்கிறது, பாதுகாப்பு றிலே சூடேறி வெட்டுகிறது, ஆறியதும் மீண்டும் முயல்கிறது. நீங்கள் கேட்கும் ‘டிக்’ அதுவே. ஒலி வரும் நேரத்தில் அதே சுவர்ச் சொருகியில் வோல்ற்றை அளந்து எழுதுங்கள். 216க்குக் கீழே இருந்தால் வெளிக்காரணம். மாறாக 230க்குப் பக்கத்தில் காட்டினால், மோட்டாரைப் புறப்படச் செய்யும் றிலேயைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகலத்தால் அது உடைந்துவிட்டது, விலை குறைவான பாகம்தான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கொம்பிரசர் இன்வேர்ட்டர் வகையாயின் (மின்னணுப் பலகையால் வேகம் மாறி ஓடுவது) இந்தச் சோதனை பொருந்தாது, அதன் முனைகளுக்கு நேரடியாக 230 வோல்ற் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

பரந்தன் வாசி:

இரவு 7.30 அளவில் அளந்தபோது 198 வோல்ற் காட்டியது. தாளைச் சோதித்ததில் கீழ்மூலையில் பிடி இல்லை. தச்சர் பிணைச்சலைச் சற்று உயர்த்தித் தந்த பின்னர் பிடிக்கிறது. வோல்ற்றை நிலைப்படுத்தும் ஸ்ரெபிலைசர் வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

வவுனியா திருத்துநர்:

198 வோல்ற்றில் கொம்பிரசர் புறப்படச் சிரமப்படுவது இயல்பு. குளிர்சாதனப் பெட்டிக்கென்று செய்யப்பட்ட, மின்சாரம் போய் வந்ததும் உடனே இணைக்காமல் சில நிமிடம் தாமதித்து இணைக்கும் ஸ்ரெபிலைசரைக் கேட்டு வாங்குங்கள். மின்வெட்டு முடிந்தவுடன் குழாயில் அழுத்தம் சமப்பட முன்னர் மோட்டார் புறப்பட முயல்வதே பல கொம்பிரசர்களின் முடிவுக்குக் காரணம். புறப்படும் கணத்தில் மோட்டார் ஓட்ட மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும், ஆகையால் தகட்டிலுள்ள வாற்றுக்கு மட்டும் பொருந்தும் சிறியதை வாங்க வேண்டாம். அதைப் பெட்டியின் பின்னாலுள்ள காற்றுக் குழிக்குள் வைக்காமல், பக்கத்து அலுமாரியில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் இடிமின்னல் நேரத்தில் பெட்டியை இழுக்காமலே பிளக்கைக் கழற்றலாம். ஐப்பசி இடிமழை தொடங்க முன்னர் வீட்டின் ஏர்த் இணைப்பையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். வோல்ற் குறைவைப் பற்றி மின்வழங்கல் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ஸ்ரெபிலைசர் உங்கள் பெட்டியை மட்டும்தான் காக்கும், கிணற்று மோட்டாரை அல்ல.