ஊர்ப் போராட்டத்தை ஆவணப்படமாக்கணும்: எதைப் பார்த்துக் கத்துக்கலாம்?

அழகர்மலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அரிட்டாபட்டியைச் சுத்தி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட சேதி 2024 நவம்பர்ல வந்ததிலிருந்து எங்க ஊர்த் தம்பிகள் எல்லாத்தையும் போன்ல எடுத்து வச்சிருக்காங்க. கிராமசபை, மந்தையில நடந்த கூட்டம், 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளத்துக்குப் போன பேரணி, 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணினதும் போட்ட வெடி வரைக்கும் இருக்கு.

இதை ஒரு ஆவணப்படமாச் சேர்க்க ஆசை. ஆனா ஊர்ல பாதிப்பேர் "அதான் ஜெயிச்சாச்சே, இனிமே எதுக்கு"ங்கிறாங்க. எடுத்ததை ஓட்டிப் பார்த்தா எல்லாமே கோஷம், மைக், கூட்டம். எங்க அப்பத்தா கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அந்தப் பேரணியில வெயில்ல நடந்து வந்ததே அந்த அப்பத்தாதான்!

ஊரை இழந்தவங்க, விட்டுப் போக மறுத்தவங்க, தனியா நின்னு போராடினவங்க பத்தி இந்தச் சில வருஷத்துல வந்த நல்ல படங்களைச் சொல்லுங்க. என்ன கவனிச்சுப் பார்க்கணும்னும் சொன்னா உதவியா இருக்கும்.

மாசிவீதி எடிட்டர்:

தங்கச்சி, நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். நம்ம மதுரையில 1998லிருந்து நடக்குற ஆவணப்பட விழாவுக்குப் போய்ப் போய் இந்தப் பைத்தியம் பிடிச்சது.

முதல்ல 'நோ அதர் லேண்ட்' பாருங்க. 2025 மார்ச்ல ஆஸ்கர் வாங்கின படம். பாலஸ்தீனத்துல, மேற்குக் கரையில, மசாஃபர் யட்டானு மலைமேல இருக்கிற சின்னச் சின்ன ஊர்கள். அது ராணுவப் பயிற்சிக்கான நிலம்னு இஸ்ரேல் 1980கள்ல அறிவிச்சுது. வழக்கு இழுத்து இழுத்து, 2022ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே மக்களை வெளியேத்தலாம்னு சொல்லிருச்சு. படத்தை எடுத்த நாலு பேர்ல ஒருத்தரான பாசெல் அட்ரா அந்த மண்ணோட பிள்ளை. அவர் சின்னப்பிள்ளையா இருந்தப்போ குடும்பத்துல எடுத்த பழைய வீடியோகூட படத்துல வருது.

புல்டோசர் வீட்டை இடிக்கிறதை நியூஸ்லயே பார்த்திருக்கோம். என்னை உலுக்கினது வேற. ஜெனரேட்டரைப் பறிக்க வர்றப்போ தடுத்த ஒரு இளைஞனைச் சுட்டுடுறாங்க. கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாமப் போயிடுது. வீடும் இல்ல, ஒரு குகைக்குள்ள தரையில படுக்க வச்சிருக்காங்க. பத்திரிகைக்காரங்க வந்து எடுத்துட்டுப் போறாங்க. அதுக்கப்புறமும் அவனோட அம்மா அங்கேயேதான் இருக்காங்க. அந்தப் படத்தோட கேமராவும் போகாம அங்கேயே இருக்கு.

உங்களுக்கும் இதுதான் வேணும். எது பறிபோயிரும்னு பயந்தீங்களோ, அது முதல்ல கண்ணுக்குத் தெரியணும். ஆனைகொண்டான் கண்மாய், எட்டாம் நூற்றாண்டுக் குடைவரையில இருக்கிற சிவன், மலையடிவாரத்துல ஆடு மேய்க்கிறவங்க, இதெல்லாம் உங்க கிளிப்புகள்ல இருக்கா? மைக்கைப் பிடிச்சுத் தொண்டை கிழியக் கத்துற அந்த அக்கா விடியக்காலம் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோறதை எடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அவங்க கோஷத்தை வைங்க. அப்பத்தா எந்திரிக்காது.

போன்ல எடுக்கிறவங்க கட்டாயம் பார்க்க வேண்டியது 'ரைட்டிங் வித் ஃபயர்' (2021). வடக்கே, உத்தரப் பிரதேசப் பக்கம் புந்தேல்கண்ட்ல 'கபர் லஹரியா' பத்திரிகையை நடத்துற பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், அச்சுலேர்ந்து செல்போனுக்கு மாறுற கதை. கல்குவாரி அக்கிரமத்தைப் பத்திக் கேட்கப்போற இடத்துல ஆம்பளைங்க சுத்தி நின்னுக்கிட்டு அந்தப் பொண்ணுக்கே பாடம் எடுப்பாங்க. அவ அசர மாட்டா. கிரானைட் குவாரிகளைப் பார்த்த மேலூர்க்காரங்களுக்கு அந்த இடம் நல்லாவே புரியும்.

நம்ம ஊர்ப் படங்களையும் விட்டுறாதீங்க. அமுதன் 2003ல எடுத்த 'பீ', திவ்யபாரதியோட 'கக்கூஸ்' (2017). முதல் படம் மதுரைத் தெரு ஒண்ணைச் சுத்தம் பண்ற ஒரு அம்மாவோட வேலை மட்டும்தான். அந்தத் தெருவுல நாம கண்ணை மூடிக்கிட்டு நடந்தது அப்பத்தான் உறைக்கும்.

இன்னொண்ணு. வாட்ஸாப்ல வந்த கிளிப்பை வச்சு வேலை ஆகாது. ஒவ்வொருத்தர் போன்லயும் இருக்கிற ஒரிஜினலை ஹார்ட்டிஸ்க்ல ஏத்துங்க, ரெண்டு காப்பி. எடுத்தவர் பேர், தேதி, இடம் எழுதி வைங்க.

உச்சப்பட்டிப் பெண்:

அக்கா, நான் இங்கே இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அகதி முகாம் என்றிருந்ததை 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். அதற்கு முன்னும் பின்னும் கேமராக்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அம்மாவிடம் படகில் வந்ததையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அவர் அழும்வரை. தையல் மிஷினில் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் படிக்கவைத்தவர் அவர். அந்த மிஷினை ஒருவரும் எடுத்ததில்லை. படம் முடிந்ததும் எங்களுக்குப் போட்டுக் காட்டியதும் இல்லை.

அதனால் 'டு கில் எ டைகர்' (2022) பாருங்கள். ஜார்க்கண்டில் ஒரு நெல் விவசாயி, 13 வயது மகளுக்கு நடந்த கொடுமைக்காக நீதிமன்றம் போகிறார். ஊரோ குற்றவாளிக்கே கட்டிவை என்கிறது. அந்த அப்பா குனிந்த தலையோடு, ஆனால் பின்வாங்காமல் நிற்பதைப் பார்க்கவே நெஞ்சு அடைக்கும். படமெடுத்தவர்கள் பிள்ளையின் முகத்தை மறைக்கத்தான் நினைத்திருந்தார்கள். 18 வயதானபின் அவளே படத்தைப் பார்த்து, முகம் தெரியட்டும் என்று சொன்னாள்.

நீங்களும் வெளியிடுமுன் ஊரில் திரை கட்டிப் போடுங்கள். 'இது வேண்டாம்' என்று யார் சொன்னாலும் எடுத்துவிடுங்கள். போலீசோடு வாக்குவாதம் செய்தவர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

வைகையாத்துக்காரன்:

"ஜெயிச்சாச்சே, எதுக்கு"ன்னு கேட்கிறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. வைகை அணையை 1959ல திறந்தாங்க. எங்க தாத்தா ஊர் அதுக்குள்ள போச்சு. மதுரையே அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது, அணை வேணாம்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த ஊரோட ஒரே ஒரு போட்டோ எங்க குடும்பத்துல கிடையாது. கோயில் எந்தத் திசையைப் பார்த்து இருந்துச்சுன்னு பெரியப்பா ஒண்ணு சொல்றார், அத்தை ஒண்ணு சொல்றாங்க. கேட்க வேற ஆள் இல்ல.

அதோட, விமான நிலைய விரிவாக்கத்துக்காகக் காலி பண்ணச் சொன்ன சின்ன உடைப்பு மக்கள், மாற்று இடம் தராம நகர மாட்டோம்னு உட்கார்ந்ததும் அதே 2024 நவம்பர்தான். நீங்க எப்படிச் சாதிச்சீங்கன்னு அவங்க பார்க்க வேண்டாமா?

அழகர்மலைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தங்கச்சி, திரை கட்டிப் போடுறதை ஊர்க்கூட்டத்துல இன்னைக்கே சொல்லிட்டேன். எடிட்டர் அண்ணே, பேரணியில ஒரு ஷாட்டைக்கூட வெட்ட மனசில்லாம தம்பிகள் அடம்பிடிக்கிறாங்க. என்ன செய்ய?

மாசிவீதி எடிட்டர்:

வெட்ட வேண்டாம், முழுசாவே தனியாச் சேமிச்சு வைங்க, அது ஊரோட சொத்து. படத்துக்கு அதுல யார் முகத்தை நாம முன்னாடியே வயல்ல பார்த்திருக்கோமோ அவங்க வர்ற இடம் போதும். மலையில வல்லூறு இருக்குல்ல, அதை எடுக்கிற தம்பியை 'ஆல் தட் ப்ரீத்ஸ்' (2022) பார்க்கச் சொல்லுங்க. டெல்லியில அடிபட்டு விழுற பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிற அண்ணன் தம்பி கதை. ஹார்ட்டிஸ்க்கைத் தூக்கிட்டு வாங்க, முகூர்த்த நாள் தவிர எப்ப வந்தாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.