பழைய ஃபோர்வீல் வாங்கும் முன் ஒரு சாக்கை விரித்துக் கீழே படுங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கொக்குவிலில் அம்மா வீட்டில் நிற்கிறேன். மெல்பேர்னுக்குப் போய் ஐந்து மாதமே ஆன அக்காவின் மகன் அங்கே ஒரு பழைய டொயோட்டா பிராடோவைப் பார்த்துவிட்டு, "மாமா, எப்படி இருக்கு?" என்று 23 படங்கள் அனுப்பியிருந்தான். இங்கே காலை ஆறரை, அங்கே பதினொரு மணி. விற்பவர் பின்னேரத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டாராம்.

பெரியப்பா முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கே.கே.எஸ். வீதியில் நாற்பது வருடம் கராஜ் வைத்திருந்தவர். 90களில் பெற்றோல் வராத காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களை ஓடவிட்ட ஆட்களில் ஒருவர். கைபேசியை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். முன்பக்கம், பக்கவாட்டு, தோல் சீற், ஸ்டேரிங், திரும்பவும் முன்பக்கம். கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, "எல்லாம் மேலாலைதான் எடுத்திருக்கிறான். ஜீப் மேலாலையோ ஓடுறது?" என்றார்.

அவனுக்கு அன்று எழுதியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். புதிதாக அவுஸ்திரேலியா வந்த மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும். சட்ட விசயங்கள் விக்ரோறியா மாநிலத்துக்கானவை. வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கத்தைய விதியைப் பாருங்கள்.

முதலில் உங்களுக்கு இது தேவையா? ஊரில் பிராடோ என்றால் ஒரு மதிப்பு, அது எல்லோருக்கும் தெரியும். அதோடு 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு, இங்கே பத்து வருடம் ஓடிய வாகனம்கூட வாங்கிய விலையைவிடக் கூட விலைக்குப் போனது. காணி மாதிரி வாகனத்தையும் சொத்தாக நினைத்துப் பழகிவிட்டோம். அங்கே அப்படி இல்லை. வருடத்துக்கு வருடம் விலை இறங்கும். எண்ணெய்ச் செலவும் ரயர்ச் செலவும் சேர்விஸ் செலவும் காரைவிடக் கூட. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடப்போகிறீர்கள் என்றால் ஒரு கொரோலா போதும். புதிய டீசல் வாகனங்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். கிட்டக் கிட்ட ஓட்டங்களில் அது சூடேறி அந்தக் கரியை எரிக்க முடியாமல் அடைத்துவிடும். மாற்றப் போனால் ஆயிரக் கணக்கில் கேட்பார்கள்.

இன்னொன்று, நாலு சில்லும் இழுக்கிறது எல்லாம் ஒரே இனம் இல்லை. ராவ்4, ஃபொரஸ்டர் போன்றவை மழை வீதிக்கும் சாதாரண கிரவல் பாதைக்கும் நல்லவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் லோ ரேஞ்ச் கியர், அதாவது மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் தனிக் கியர், இல்லை. மணலிலும் செங்குத்து மலையிலும் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு லோ ரேஞ்ச் வேண்டும்.

சரி, வாங்கத்தான் போகிறேன் என்கிறீர்களா? காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாகனத்தின் வி.ஐ.என். என்ற, எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட அடையாள இலக்கத்தை வாங்கி, பி.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கப் பதிவேட்டில் தேடுங்கள். இணையத்தில் 2 டொலர்தான். கடன் பாக்கி இருக்கிறதா, களவு போனதா, விபத்தில் கழித்துவிட்ட வாகனமா என்று தெரிந்துவிடும். கடன் இருந்தால் அது வாகனத்தோடேயே உங்களிடம் வரும், கடன் கொடுத்தவன் வந்து வாகனத்தைத் தூக்கலாம். விளம்பரத்தில் உள்ள இலக்கத்தை நம்பாமல் வாகனத்தில் அடித்திருக்கும் இலக்கத்தை நீங்களே பார்த்து எழுதுங்கள். காசு கொடுக்கிற அன்றே தேடுங்கள். போன கிழமைத் தேடல் உதவாது. ஊரில் ஓப்பின் பேப்பரில் கைமாறி, யாரோ ஒருவருடைய பெயரில் வாகனம் வருடக் கணக்கில் ஓடுமே, அந்தப் பழக்கம் வேண்டாம். 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

"ஆர்.டபிள்யூ.சி. இருக்கு மாமா" என்றான் மருமகன். அது பிறேக், லைற், ரயர், ஸ்டேரிங் போன்ற பாதுகாப்பு விசயங்கள் அந்த நாளில் சரியாக இருந்தன என்பதற்கான சான்றிதழ். 30 நாள் செல்லும். எஞ்சின் இன்னும் எத்தனை வருடம் ஓடும், கியர்பொக்ஸ் நல்லதா என்று அது சொல்லாது.

இனிக் கீழே படுக்கிற வேலை. ஒரு டோர்ச் லைற், ஒரு பழைய துணி, ஒரு சிறு காந்தம், விரிக்க ஏதாவது கொண்டு போங்கள். இந்த வகை வாகனங்களில் பெரும்பாலானவற்றில் பொடி வேறு, அதைத் தாங்கும் சேசிஸ் சட்டம் வேறு. ஏணி மாதிரி இரண்டு நீளமான இரும்பும் குறுக்குச் சட்டங்களும். பொடியை மினுக்கிவிடலாம். சேசிஸ்தான் வாகனத்தின் முழுக் கதையையும் வைத்திருக்கும். பண்ணைப் பாலத்தால் நாள்தோறும் தீவுப்பக்கம் போய்வரும் வான்களின் அடியை ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் உவர்க்காற்று இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வார இறுதியில் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். மேலே படிந்த மண்ணிறக் கறள் பெரிய விசயம் இல்லை. விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தால், ஸ்குரூ டிரைவரால் மெல்லக் குத்த உள்ளே போனால், எழும்பி வந்துவிடுங்கள். மற்ற இடமெல்லாம் தூசியாக இருக்க ஒரு பகுதி மட்டும் புதுக் கறுப்புப் பெயின்றில் பளபளத்தால் அதற்குக் காரணம் இருக்கும். கேளுங்கள்.

சேசிஸில் வெல்டிங் அடையாளம், நெளிவு, முன்பின் ஒத்துவராத போல்ற் எல்லாம் பாருங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதியிலும் சில்லுக்கு மேல் வளைவிலும் வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், பூசி மறைத்த பசையில் ஒட்டாது. அலுமினியத் தகட்டிலும் ஒட்டாது என்பதால் மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவுக்கு வாருங்கள்.

மண்ணும் கதை சொல்லும். எங்கள் கொக்குவில், உரும்பிராய்ச் செம்மண் வெள்ளை வேட்டியில் பட்டால் எத்தனை தோய்ச்சலுக்கும் போகாதே, அவுஸ்திரேலிய உள்நாட்டுச் செம்புழுதியும் அதே சாதி. வாகனத்தைப் பத்துத் தரம் கழுவினாலும் சீற் பெல்ற்றின் கடைசி முழம், பின் விளக்கின் உட்புறம், கதவு ரப்பரின் மடிப்பு இவற்றில் கிடக்கும். சீற் பெல்ற்றை முழுதாக இழுத்துப் பாருங்கள். "டவுனுக்குள்ளேதான் ஓடினது" என்று சொன்ன வாகனத்தின் பெல்ற் சிவப்பாக வந்தால் மற்றக் கதைகளையும் அதே கணக்கில் எடுங்கள்.

தண்ணீருக்குள் இறங்கியதா என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். கால்மிதிக் கம்பளத்தைத் தூக்கி மணந்து பாருங்கள். சீற்றைப் பிடிக்கும் போல்ற்றில் கறள் இருக்கிறதா? பிறகு டிஃப். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி இருப்பது, வளைவில் இரண்டு பக்கச் சில்லும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் கியர். விற்பவர் சம்மதித்தால் அதன் ஒயில் ஊற்றும் அடைப்பானைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். நல்ல ஒயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் பால்தேத்தண்ணி நிறம். பெரியப்பா இதைச் சொல்லும்போது கையில் இருந்த கோப்பையைத்தான் காட்டினார். சூடான டிஃப் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். டிஃப்புக்குக் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீலுக்கால் தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்த ஒயிலோடு மாதக் கணக்கில் ஓடியிருந்தால் பெயரிங் எல்லாம் போய்விடும்.

இனி என் சொந்தக் கதை. மெல்பேர்னில் நான் வாங்கிய முதல் ஃபோர்வீல் ஒரு வீட்டுக்காரரிடம் வாங்கியது. ஜூலை மாதம், காலைக் குளிர். நான் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்குக் குளிருமே என்று சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்றார். என்ன நல்ல மனிசன் என்று நினைத்தேன். கோப்பி வேறு தந்தார். இரண்டு கிழமை கழித்து ஒரு விடியக் காலை ஸ்டார்ட் பண்ணினால் அரை நிமிடம் இழுத்து, பிறகு வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நாலும் மாற்ற வேண்டும் என்றார்கள். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது.

ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. போனவுடன் பொனற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் பத்து வினாடியில் சொல்வதைப் பிறகு சொல்லாது. ஸ்டார்ட் பண்ணும்போது வேறொருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். நீலப் புகை விடாமல் வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் எங்கேயோ உள்ளே போகிறது. பழைய டீசலில் மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்பு வருவது வழமை. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் மெல்லிய ஆவி வரலாம். மூடி துள்ளி விழும் அளவுக்கு ஊதினால் உள்ளே தேய்ந்துவிட்டது.

சேர்விஸ் புத்தகத்தையும் கேளுங்கள். உதாரணமாக 2015 வரை வந்த 3 லீற்றர் டீசல் பிராடோவிலும் ஹைலக்ஸிலும் எஞ்சினின் டைமிங் பெல்ற்றை 150,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மருமகன் பார்த்தது 148,000 ஓடியது. விற்பவரின் அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், சொல்ல முடியாது.

ஓடிப் பார்க்கும்போது ரேடியோவை நிறுத்துங்கள். விற்பவரையும் கொஞ்சம் கதைக்காமல் இருக்கச் சொல்லுங்கள், அவர் கோபிக்க மாட்டார். ஆளில்லாத தரிப்பிடத்தில் ஸ்டேரிங்கை ஒரு பக்கம் முழுக்க வெட்டி மெல்ல வட்டம் சுற்றுங்கள். முன் சில்லுப் பக்கம் டக் டக் என்றால் சில்லைச் சுழற்றும் தண்டின் சி.வி. மூட்டு தேய்ந்திருக்கிறது. நேர் வீதியில் எண்பதில் போகும்போது ஸ்டேரிங் உதறுகிறதா என்று பாருங்கள்.

பிறகு ஃபோர்வீலையே போட்டுப் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை! விற்பவர் வருடக் கணக்கில் அந்த லீவரைத் தொடாமல் வைத்திருந்து அது இறுகிப் போயிருக்கும். ஆனால் காய்ந்த தார் வீதியில் செய்யாதீர்கள். ஹைலக்ஸ் போன்ற பார்ட்-டைம் வாகனத்தில், அதாவது வேண்டியபோது மட்டும் நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில், ஃபோர்வீலைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டுப்படும். வளைவில் முன் சில்லுகளும் பின் சில்லுகளும் ஓடும் தூரம் வேறு வேறு. மண்ணில் என்றால் சில்லு கொஞ்சம் சறுக்கி அதைச் சமாளிக்கும். தாரில் சறுக்காது, கியருக்குள் முறுக்கு ஏறும். பிராடோ எப்போதும் நாலு சில்லாலும் ஓடுவது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் ஒரு நடு டிஃப் இருப்பதால் தாரில் பிரச்சினை இல்லை. அந்த நடு டிஃப்பைப் பூட்டினால் அதுவும் அதே கதைதான். ஆகவே கிரவலோ புல்லோ உள்ள இடமாகப் பாருங்கள். நிறுத்தி, நியூட்ரலில் வைத்து லோ ரேஞ்சுக்குப் போடுங்கள். விளக்கு எரிய வேண்டும், சும்மா மினுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பத்து மீற்றர் முன்னுக்கு, பத்து மீற்றர் பின்னுக்கு. திரும்ப எடுக்கும்போதும் சண்டை பிடிக்காமல் வர வேண்டும்.

பூட்டியிருக்கும் சாமான்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்னோர்கல் என்ற உயரக் காற்றுக்குழாய், வின்ச் என்ற இழுவைக் கயிற்று உருளை, உயர்த்திய சஸ்பென்சன் எல்லாம் விற்பவருக்கு விலை, வாங்குபவருக்கு அந்த வாகனம் எப்படி ஓடியது என்ற தகவல். ஓட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகி இருந்தால், அல்லது அதைக் கழற்றிய ஓட்டை இருந்தால், அது இழுவை வண்டியின் மின் பிறேக்குக்கானது. பாரமான கரவான் இழுத்த வாகனம். ஓட்டோ கியர் என்றால், ஒயில் அளவுக்கம்பி இருந்தால் அதை இழுத்து மணந்து பாருங்கள், கருகிய மணம் வரக்கூடாது. அளவுக்கு மேல் உயர்த்திய வாகனத்துக்கு எஞ்சினியர் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் காப்புறுதிக்காரர் பிறகு கைவிரிப்பார்கள். ரயரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. ஸ்பெயார் ரயரையும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்துப் பிடித்திருந்தால், காசு கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு உயர்த்திப் பார்க்க வையுங்கள். சில நூறு டொலர் போகும். மெக்கானிக்கிடம் விட விற்பவர் மறுத்தால் அதோடு கதை முடிந்தது. அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால், 10 வருடத்துக்கு உட்பட்டதும் 160,000 கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடியதுமான வாகனத்துக்கு விக்ரோறியாவில் 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. தனியாரிடம் அது எதுவும் இல்லை. அதற்கேற்ற மாதிரி விலை பேசுங்கள்.

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு தங்கச்சி இதையே கேட்டிருந்தார். அங்கே குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள், ஆகவே கறள் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசியுங்கள். தனியாக வாகனம் பார்க்கப் போகாதீர்கள், தரிப்பிடத்தில் சந்திப்போம் என்கிறவரிடமும் போகாதீர்கள். பதிவில் உள்ள முகவரியிலேயே பாருங்கள்.

மருமகன் பின்னேரம் விற்பவரோடு கதைத்தான். குளிர்ந்த எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் கொஞ்சம் முனகிவிட்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். விலையிலும் பெல்ற் மாற்றும் செலவைக் குறைக்கலாம் என்றாராம். பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்கை படுக்கிறதுக்குப் பழைய சாக்கு ஏதும் கிடைக்குமோ?"